பழைய கேமராவுக்கு முதல் ரோல்: எதை வாங்கலாம், எதைத் தள்ளிவைக்கலாம்

பரணிலிருந்து இறங்கிய அப்பாவின் யாஷிகா, பழைய சாமான் கடையில் பேரம் பேசி வாங்கிய ஜெனித், தாத்தா காலத்து அக்ஃபா கிளிக். ஃபிலிம் கழுவி ஸ்கேன் செய்து தரும் என் மேசைக்கு இவையெல்லாம் தூசியோடு வருகின்றன. கூடவே ஒரே கேள்வி: "எந்த ஃபிலிம் போட்டா நல்ல கலர் வரும் சார்?" கேட்பவர் கையில் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில் சேமித்த ஒரு படமும் இருக்கும். நான் அந்தப் படத்தைப் பார்ப்பதற்கு முன் கேமராவின் பின்கதவைத் திறந்து பார்ப்பேன். எந்த ஃபிலிம் என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும்.

முதலில் அளவு. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 35 எம்எம். ஆனால் பரோடாவில் தயாராகி நம் ஊர் வீடுகளில் நிறைய புழங்கிய அக்ஃபா கிளிக் III-க்கு அது சேராது. அதற்கு 120 ரோல் வேண்டும். ஒரு ரோலில் 12 சதுரப் படங்கள்தான் வரும். வேறு சில பழைய கேமராக்கள் 620 கேட்கும். ஃபிலிமின் அகலம் 120-ஐப் போலவே இருந்தாலும் சுருளின் கட்டை மெலிதாக இருக்கும் என்பதால் 120-ஐ நேராக மாட்ட முடியாது. 110, 126 என்ற கார்ட்ரிட்ஜ் கேமரா என்றால், தொடக்கத்துக்கு அது வேண்டாம். ஃபிலிம் தேடியே சலித்துப்போவீர்கள்.

அப்புறம் கதவோரத்துக் கருப்பு நுரை. தொட்டால் தார் மாதிரி ஒட்டினால் வெளிச்சம் உள்ளே கசியும். அந்த கேமராவில் விலை உயர்ந்த போர்ட்ரா ஃபிலிமைப் போட்டாலும் ஆரஞ்சுக் கோடுதான் கிடைக்கும். நுரையை மாற்றச் செலவு அதிகமில்லை. ரோல் வாங்கும் முன் அதைச் செய்துவிடுங்கள்.

சரி, கேமரா ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. என் பரிந்துரை கலர் நெகட்டிவ், அதாவது நிறங்கள் தலைகீழாகப் பதியும் ஃபிலிம். கோடாக் கோல்ட் 200 அல்லது கலர்பிளஸ் 200, எது மலிவோ அது. (200 என்பது ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் வேகம்; எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்.) காரணம் கலர் அல்ல, மன்னிக்கும் குணம். பழைய ஷட்டரில் (ஃபிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்துவிடும் கதவு) கிரீஸ் இறுகிப்போய், 1/500 நொடி என்று எழுதியிருக்கும் இடத்தில் அதைவிட மெதுவாக ஓடலாம். அதனால் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு), சமயத்தில் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடினாலும் நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும். நிறங்கள் நேராகவே பதியும் ஸ்லைடு ஃபிலிம் தாங்காது. வெல்வியா, எக்டாக்ரோம் எல்லாம் அழகுதான், ஆனால் அரை ஸ்டாப் பிசகினால்கூட அதில் தெரிந்துவிடும். ஷட்டரும் வெளிச்சம் அளக்கும் மீட்டரும் சரியாக வேலை செய்கின்றன என்று உறுதியான பிறகு அந்தப் பக்கம் போகலாம்.

நெகட்டிவுக்குப் பிடிக்காதது வெளிச்சக் குறைவு. நிழல் பகுதி சேறாகி, ஸ்கேனில் இழுக்க இழுக்கக் கிரெயின் (மணல் போன்ற புள்ளிகள்) மட்டுமே வரும். பழைய மீட்டர்கள் பல இந்தத் திசையில் பிழை செய்யும். பல கேமராக்கள் 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால், உள்ளதைவிட வெளிச்சம் அதிகம் என்று பல மீட்டர்கள் ஏமாறும். எல்லா கேமராவும் அப்படி அல்ல. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போன்றவற்றின் மின்சுற்று இதைச் சமாளித்துவிடும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால், 200 ஃபிலிமைப் போட்டுவிட்டு கேமராவின் ஃபிலிம் வேக டயலில் 100 வையுங்கள். பாதுகாப்பான பக்கம் அதுதான்.

மீட்டரே செத்துவிட்டதா? நல்ல வெயிலில் அபெர்ச்சர் (லென்ஸின் துளை; எண் குறைந்தால் துளை பெரிது) 16 வைத்து, ஷட்டரை ஃபிலிம் எண்ணுக்கு நெருக்கமாக வையுங்கள். 200 ஃபிலிமுக்கு 1/250. மேகமூட்டமென்றால் அபெர்ச்சரை 8-க்குத் திறங்கள். இதற்கு ஆப் எதுவும் வேண்டாம்.

"400 வாங்கினால் எல்லா இடத்துக்கும் ஆகுமே?" என்பார்கள். ஜெனித்-இ கேமராவின் உச்ச வேகம் 1/500. நம் ஊர் மத்தியான வெயிலில் 400 ஃபிலிமோடு நீங்கள் 16-ஐ விட்டு அதிகம் நகர முடியாது. பின்னணி மங்கலாக முகம் மட்டும் தெளிவாக வரவேண்டும் என்ற ஆசை அங்கே நடக்காது, அதற்குத் துளையைப் பெரிதாகத் திறக்கவேண்டும். 100 ஃபிலிம் என்றால் அதே வெயிலில் 8 வரை திறக்கலாம். கோயில் பிராகாரம், வீட்டுக்குள், சாயங்காலம் என்று எடுப்பவர்களுக்கு 400 சரி. கடற்கரைக்கும் வயல்வெளிக்கும் 100 அல்லது 200.

கருப்பு வெள்ளையில் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், கென்ட்மியர் 400 இரண்டும் தொடக்கத்துக்கு ஏற்றவை. வீட்டிலேயே கழுவிப் பழகவும் நல்லது. ஆனால் கழுவுகிற இடத்தை முதலில் கேளுங்கள். கலர் நெகட்டிவுக்கான சி-41 ரசாயனம் மட்டுமே உள்ள கடையில் இந்த ரோலைக் கொடுத்தால் பிம்பமாக நிற்கவேண்டிய வெள்ளியையே அது கரைத்துவிடும், உங்களுக்குக் கிடைப்பது வெற்று ஃபிலிம். கருப்பு வெள்ளையில் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 சூப்பர் மட்டும் விலக்கு, அது சி-41 க்கென்றே செய்தது.

இனி கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சினிமாவுக்கான கோடாக் விஷன்3 ஃபிலிமை வெட்டி, 35 எம்எம் டப்பாவில் சுற்றி, மேலே அழகான ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். நல்ல ஃபிலிம்தான். ஆனால் பலவற்றின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருக்கும். அதை நீக்காமல் சி-41 மெஷினில் விட்டால் கரி கலந்து, அதே நாளில் கொடுத்த மற்றவர்களின் ரோல்களும் பாழாகும். என்ன ஃபிலிம் என்று லேபிடம் சொல்லாமல் கொடுப்பது நியாயமே இல்லை. விஷன்3 500டி (500T) என்றால் கூடுதல் சிக்கல்: அது டங்ஸ்டன் விளக்குக்கானது (மஞ்சள் வெளிச்சம் தரும் குண்டு பல்பு போன்றது), பகல் வெளிச்சத்தில் ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் எல்லாம் நீலமாகும். இப்படிச் சுற்றிய டப்பாக்களில் பெரும்பாலும் டிஎக்ஸ் கோடும் (ஃபிலிமின் எண்ணை கேமராவுக்குச் சொல்லும் டப்பாக் குறி) இருக்காது. தானியங்கி கேமராக்களில் பல அப்போது 100 என்று எடுத்துக்கொள்ளும்.

காலாவதியான ஃபிலிமும் அப்படித்தான். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' (Indu) பிராண்ட் ரோல் பழைய ஸ்டூடியோக்காரர் வீட்டில் கிடைத்தால் ஆசை வரத்தான் செய்யும், எனக்கும் வரும். பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூட்டு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். குளிர்ச்சியாக வைத்த ஃபிலிமுக்கு ஓரளவு பொருந்தும். மொட்டைமாடிக்குக் கீழே, பரண் சூட்டில் வெந்த ஃபிலிமுக்கு எந்தக் கணக்கும் உதவாது. குழந்தையின் பிறந்தநாளுக்கு அதைப் போடாதீர்கள்.

வாங்கிய ரோலை ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒரு மணி நேரமாவது விடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் உடனே வேர்த்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கவே வேண்டாம். விமானத்தில் போனால் செக்-இன் பெட்டியில் போடாமல், கையில் எடுத்துப்போய் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். விமான நிலையத்தின் புது சிடி (CT) ஸ்கேனர்கள் ஒரே தடவையில் ஃபிலிமை மூட்டமாக்கிவிடும்.

முதல் இரண்டு மூன்று ரோல்களுக்கு ஃபிலிமை மாற்றாதீர்கள். மாற்றினால் குறை கேமராவிலா ஃபிலிமிலா என்று எங்களாலும் சொல்ல முடியாது. ரோலைக் கொடுக்கும்போது கேமராவின் பெயர், டயலில் வைத்த எண், எந்த பேட்டரி என்பதைச் சீட்டில் எழுதி டப்பாவோடு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுங்கள். கழுவிய பின் நெகட்டிவைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். நிறையப் பேர் ஸ்கேன் மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.