பாயின்ட் ரேட்டில் காணாமல் போகும் பிரஷர் டெஸ்ட்

சென்னையில் வீடு கட்டுகிறவர்கள் பிளம்பிங் கான்ட்ராக்டரிடம் முதலில் கேட்பது, "பாயின்ட்டுக்கு எவ்வளவு?" என்றுதான். டேப், ஷவர், ஃப்ளஷ் டேங்க் என ஒவ்வொன்றையும் ஒரு பாயின்ட்டாக எண்ணிக் கூலி பேசுவது இங்கே பழக்கம். கணக்குப் பார்க்க வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் நாலு பேரிடம் ரேட் வாங்கி, குறைவாகச் சொன்னவருக்கு வேலையைக் கொடுக்கும்போது, அவர் எதைக் குறைத்தார் என்று யாரும் கேட்பதில்லை.

கூலிக்கு மட்டும் பேசும் லேபர் கான்ட்ராக்டில் பைப்பில் குறைக்க முடியாது. அதை வீட்டுக்காரரே பிராண்ட் பார்த்து வாங்குகிறார். ஆள் கூலியிலும் கை வைக்க முடியாது. இந்த வேலைக்கு ஒடிசாவிலிருந்து வருகிறவர்கள் நிறைய. கேந்திரபாரா மாவட்டத்துப் பட்டமுண்டாய்ப் பக்கத்து ஆட்கள் இந்தியா முழுக்க பிளம்பிங்கில் இருக்கிறார்கள். கைத்திறன் உள்ளவருக்குக் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் மறுநாள் ஓஎம்ஆரில் வேறு சைட்டில் நிற்பார். அப்புறம் மிச்சம் இருப்பது நேரம் மட்டும்தான். அதில் முதலில் வெட்டுப்படுவது பிரஷர் டெஸ்ட்.

சுவரை வெட்டி பைப் பதித்ததும், பூச்சு வேலைக்கு முன்பு, எல்லா பாயின்ட்டையும் பிளக் போட்டு அடைத்துவிட்டு, கை பம்ப்பால் தண்ணீர் ஏற்ற வேண்டும். லைன் தாங்க வேண்டிய அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கில் நிறுத்தி, அழுத்தம் காட்டும் கேஜைக் கவனிக்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. இதைச் செய்யாமல், "டேங்க் தண்ணியை விட்டுப் பார்த்தாச்சு சார், ஒரு சொட்டு இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். டேங்கிலிருந்து பத்து மீட்டர் கீழே இருக்கும் டேப்புக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம்தான் வரும். அரைகுறையாக ஒட்டிய ஜாயின்ட்கூட அதைத் தாங்கும். ஷவரில் வேகம் பத்தவில்லை என்று பின்னால் பிரஷர் பம்ப் மாட்டும்போதுதான் பக்கத்து அறைச் சுவரில் ஈரம் தெரியும். அதற்குள் டைல்ஸ் போட்டு, பெயின்ட் அடித்து, குடிவந்தும் ஆகியிருக்கும்.

வெந்நீருக்குப் போடும் சிபிவிசி பைப் லைனில் இது இன்னும் முக்கியம். அதை ஒட்ட அதற்கென்று தனி சால்வென்ட் பசை உண்டு. பையில் கிடக்கும் சாதாரண பிவிசி சால்வென்டைத் தடவினால் அன்றைக்குப் பிடித்த மாதிரி இருக்கும், வெந்நீர் ஓடும்போது காலை வாரிவிடும். பித்தளைத் திரெட் வரும் இடத்தில் டெஃப்லான் டேப்பைக் கண்டபடி சுற்றி முறுக்கினால் ஃபிட்டிங் விரியும். ஒட்டிய ஜாயின்ட் காயவும் நேரம் விட வேண்டும். இந்தக் காத்திருப்புக்கும் ஆளுக்குக் கூலி உண்டு. பாயின்ட் ரேட்டில் அதற்கு இடமில்லை.

கான்ட்ராக்டர் பக்கமும் சொல்ல வேண்டும். மெட்டீரியலோடு வேலை எடுத்தால் தலைவலி வேறு மாதிரி. பைப்புக்கு மூலப்பொருளான பிவிசி ரெசினில் பெரும்பகுதி இறக்குமதி என்பதால் பைப் விலை நிற்காமல் ஆடும். கொட்டேஷன் கொடுத்த நாள் விலை சரக்கு எடுக்கும் நாளில் இருக்காது. பாரிமுனை செம்புதாஸ் தெருவில் பைப் விற்கும் கடைக்காரர் கடனுக்குக் கெடு வைப்பார். பில் போட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் 18 சதவீத ஜிஎஸ்டியைக் கட்டியாக வேண்டும். பில்டரோ, பின்னால் குறை வந்தால் என்ன செய்வது என்று பில்லில் 5 முதல் 10 சதவீதத்தை ரிட்டென்ஷனாகப் பிடித்து வைப்பார். சின்ன கான்ட்ராக்டருக்கு லாபமே அவ்வளவுதான். கசிவு வந்தால் அதுவும் போச்சு. ஆக, டெஸ்டை விட்டு மிச்சம் பிடிப்பவர் தன் பணத்தையே பணயம் வைக்கிறார்.

கொட்டேஷனில் பிரஷர் டெஸ்டுக்குத் தனி வரியும் தனித் தொகையும் போடச் சொல்லுங்கள். விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதும் அதில் இருக்கட்டும். டெஸ்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் கேஜைப் போட்டோ எடுங்கள். அப்படியே பூசுவதற்கு முன் எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்துவிடுங்கள், கண்ணாடி மாட்ட டிரில் போடும் நாளில் பைப் எங்கே என்று பார்க்க உதவும். டெஸ்ட் தேறினால் அந்த வாரமே அதற்கான தொகையைக் கொடுத்துவிடுங்கள். ரிட்டென்ஷன் பிடிப்பதாக இருந்தால், எந்தத் தேதியில் திருப்பித் தருவீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.