நிழலில் மறையும் நீலம்: பெரிய அலகு மீன்கொத்தியை இனங்காணும் வழி

இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரை பரவி வாழும் பெரிய அலகு மீன்கொத்தி, ஏறத்தாழ 35 செ.மீ. நீளமும் தடித்த சிவந்த அலகும் கொண்ட பறவை. இவ்வளவு பெரிய நீலப் பறவையைப் பார்ப்பது எளிது என்றே தோன்றும். ஆனால், தென்கிழக்காசியத் தீவான போர்னியோவின் கினபத்தாங்கான் ஆற்றில் படகில் செல்வோர் பலர், கரையோரக் கிளையில் அது அமர்ந்திருப்பதை அறியாமலே கடந்துவிடுகின்றனர்.

காரணம் அதன் இறகின் அமைப்பிலேயே இருக்கிறது. மீன்கொத்திகளின் இறகில் நீல நிறமி கிடையாது. இறகிழைகளில் உள்ள கெரட்டின் புரதத்தினூடே நுண்ணிய காற்றறைகள் நெருங்கி அமைந்திருப்பதால், அவை நீல ஒளியை வலுவாகச் சிதறடிக்கின்றன; எஞ்சிய ஒளியை உள்ளிருக்கும் மெலனின் என்ற கருநிறமி உறிஞ்சிவிடுகிறது. போதிய ஒளி விழுந்தால்தான் அந்த நீலம் எழும். மழைக்காட்டின் அடர்நிழலில் முதுகு மங்கிப்போக, அசையாமல் நெடுநேரம் அமர்ந்திருக்கும் பறவை இலைகளோடு கலந்துவிடுகிறது. ஆற்றைக் கடந்து வெயிலில் பறக்கும்போதோ, பிட்டத்தின் வெளிர்நீலம் கண்ணைப் பறிக்கும். என் மதிப்பில், இப்பறவையின் மிகச் சிறந்த அடையாளம் அதுவே.

ஆகவே கண்ணுக்கு முன் காதை நம்புவது நல்லது. 'கெ-கெ-கெ-கெ' என்று உரக்கச் சிரிப்பதுபோல் எழும் குரல் வரும் திசையில், நீருக்கு மேலாக நீண்டிருக்கும் நிழற்கிளைகளைத் தொலைநோக்கியால் நிதானமாகத் தேட வேண்டும். முதலில் தட்டுப்படுவது பெரும்பாலும் சிவந்த அலகாகவே இருக்கும். மீனோடு நண்டு, தவளை, எலி ஆகியவற்றையும் உண்பதால், காட்டோடைகள் மட்டுமன்றி அலையாத்திக் காடுகளும் தேடத் தக்க இடங்களே.

தலையின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ளவற்றுக்குப் பழுப்புத் தொப்பி தெளிவாகத் தெரியும். போர்னியோவில் அது மங்கி, தலை முழுவதும் மஞ்சள் கலந்த செம்மையாகத் தோன்றும்.

நம் ஊர்க் குளங்களில் காணும் வெண்மார்பு மீன்கொத்திக்கும் சிவந்த அலகு உண்டு என்பதால் குழப்பம் நேரலாம். அது உருவில் சிறியது. வயிறு அடர்பழுப்பாகவும் தொண்டையும் மார்பும் வெண்மையாகவும் இருக்கும். பெரிய அலகு மீன்கொத்தியின் அடிப்பகுதியோ முழுவதும் இளமஞ்சள். பறக்கையில் சிறகில் வெள்ளைத் திட்டு பளிச்சிட்டால் அது வெண்மார்பு மீன்கொத்தியாகவோ கருந்தலை மீன்கொத்தியாகவோ இருக்கலாம். பெரிய அலகு மீன்கொத்தியின் சிறகில் அத்தகைய திட்டு இல்லை.