வெறும் வயிறு என்றால் தண்ணீருமா கூடாது? கல்லீரல் சி.டி. ஸ்கேனுக்கு வருமுன்

காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மீன் வியாபாரம். காலை 11 மணிக்கு ஸ்கேன். நர்ஸ் இரண்டு இடத்தில் குத்தியும் நரம்பு சிக்கவில்லை. "ராத்திரியிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல டாக்டர். வெறும் வயித்துலதானே வரச் சொன்னாங்க?" என்றார். சுகர் மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டிருக்கிறார். நெற்றி முழுக்க வியர்வை. குளுக்கோமீட்டரில் சர்க்கரை 58தான்; மிகவும் குறைவு. உடனே குளுக்கோஸ் கொடுத்து, ஸ்கேனை மதியத்துக்குத் தள்ளிவைத்தோம்.

தண்டையார்பேட்டையில் ரேடியாலஜிஸ்ட்டாக இருக்கும் எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. ஒரு வரி கூடுதலாகச் சொல்லி அனுப்பியிருந்தால் போதும். பொதுவாக 4 மணி நேரம் சாப்பாடுதான் வேண்டாம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்; வயிற்றில் நீர் கோர்த்தவர்கள், இதய நோயாளிகள் மட்டும் தங்கள் டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். மாத்திரை, இன்சுலின் எப்போது என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கிட்னியின் வேலை மிகவும் குறைந்திருந்தால் ஸ்கேன் அன்று அதை நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து, கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகே தொடரச் சொல்வோம். அதனால்தான் அந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்கிறோம்.

எங்கள் ஏரியாவில் அடிக்கடி வரும் இன்னொரு பயம்: "எனக்கு இறால், நண்டு ஒத்துக்காது. அயோடின் மருந்து போடலாமா?" படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் காண்ட்ராஸ்ட் மருந்தில் அயோடின் இருப்பதால் வரும் கேள்வி இது. ஆனால் இறால் அலர்ஜி அதன் புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. முன்பு எப்போதாவது காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு மூச்சுத் திணறல், தடிப்பு வந்ததா என்பதுதான் எங்களுக்கு முக்கியம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

இப்போது ஸ்கேனுக்கு வருவோம். கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியாக வருகிறது. ஏறக்குறைய கால் பங்கு தமனி வழியாக, முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக. கையில் ஊசி ஏறிய சுமார் 35-வது விநாடியில் ஒரு படம், 70-வது விநாடியில் ஒன்று, 3 முதல் 5 நிமிடத்தில் இன்னொன்று. கல்லீரல் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தை உறிஞ்சி வளர்வதால் முதல் படத்தில் பளிச்சென்று தெரியும், பின்னால் வந்த படங்களில் கறுத்துவிடும். ஹெமாஞ்சியோமா என்ற, புற்று அல்லாத ரத்தக்குழாய்க் கட்டி ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உள்ளே நிரம்பும். ஒரே கட்டி, மூன்று நேரத்தில் மூன்று முகம். அதைப் பார்த்துத்தான் நாங்கள் பெயர் சொல்கிறோம்.

ஆகவே மூச்சு மிக முக்கியம். ஒவ்வொரு முறையும் சுமார் 10 விநாடி, ஒரே அளவு மூச்சு. ஒரு தடவை ஆழமாகவும் மறு தடவை மேலோட்டமாகவும் இழுத்தால் கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே ஏறி இறங்கிவிடும். சின்னக் கட்டி கண்ணுக்குத் தப்பிவிடலாம். மெஷினில் பதிவான குரல் இங்கிலீஷில் சொல்லும்போது பலர் திகைத்துவிடுகிறார்கள். அதனால் நான் மைக்கில் நானே, "மூச்ச இழுங்க, அப்படியே புடிங்க" என்கிறேன். படுக்கவைப்பதற்கு முன் இரண்டு தடவை பழக்கியும் விடுகிறேன்.

மருந்து ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவும். சிறுநீர் போய்விட்டது போல இருக்கும். போயிருக்காது, அசையாமல் இருங்கள். ஊசி போட்ட இடம் வீங்கினாலோ, அரிப்பு, மூச்சு முட்டல் வந்தாலோ உடனே குரல் கொடுங்கள்.

ரிப்போர்ட்டில் 'சிஸ்ட்', 'லீஷன்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் ஷேர் ஆட்டோவிலேயே அழுதுகொண்டு போகிறார்கள். லீஷன் என்றால் வித்தியாசமாகத் தெரியும் ஓர் இடம், அவ்வளவுதான். சாதாரண சிஸ்ட் நீர்ப்பை. பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

அந்த அம்மா மதியம் வந்தபோது முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. ஸ்கேனில் 2 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. மகன் வீட்டுக்கு ஓடி, பீரோவில் மடித்துவைத்திருந்த மூன்று வருடப் பழைய படத்தைக் கொண்டுவந்தார். அதே இடம், அதே அளவு. ஹெமாஞ்சியோமா. அவருக்கு அடுத்த டெஸ்ட் எதுவும் எழுதவில்லை.