நாய்க்குட்டி விளம்பரத்தில் என்ன இருக்க வேண்டும்? இங்கிலாந்துச் சட்டம் சொல்வது

நாய்க்குட்டி வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கியதும் பெரியவர்கள் முதலில் எடுப்பது கைபேசியைத்தான். தேடினால் வரிசையாக விளம்பரங்கள் வரும். ‘அழகான காக்கப்பூ (காக்கர் ஸ்பானியல், பூடில் கலப்பு) குட்டிகள். ஐந்து வாரம். உடனே எடுத்துக்கொள்ளலாம். தேவையென்றால் உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்.’ படத்தில் ஒரு குட்டி தலையைச் சாய்த்துப் பார்க்கும். பிள்ளைகள் அதற்குள் பெயரும் வைத்துவிடுவார்கள்.

நாய்க்குட்டி விற்பனையைத் தொழிலாகச் செய்பவர் போட்ட விளம்பரம் என்றால், அந்த நான்கு வரிக்குள்ளேயே இரண்டு விதிமீறல்கள் இருக்கின்றன. ஐந்து வாரக் குட்டி இன்னும் தாயோடு இருக்க வேண்டிய குட்டி. எட்டு வாரம் நிறையாமல் அதைத் தாயிடமிருந்து நிரந்தரமாகப் பிரிக்கக் கூடாது. இரண்டாவது, குட்டி எங்கே பிறந்து வளர்ந்ததோ அந்த இடத்தில் வைத்துத்தான் விற்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்பது வாங்குபவருக்கு வசதி போலத் தெரியும். உண்மையில் அந்த இடத்தை நீங்கள் பார்த்துவிடாமல் இருப்பதற்கான வழி அது.

இந்தக் கட்டுரை இங்கிலாந்தில் நடைமுறையில் உள்ள விதிகளைப் பற்றியது. ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனித்தனி ஒழுங்குவிதிகள் உண்டு.

2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின் கீழ் 2018இல் புதிய உரிம ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டன. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அவை நடப்பில் உள்ளன. அதற்கு முன் செல்லப்பிராணி விற்பனைக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டமும், நாய் இனப்பெருக்கத்துக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டமும், அவற்றின் மேல் போட்ட ஒட்டுகளுமே இருந்தன. கடை வாசலில் கூண்டு வைத்து விற்ற காலத்துக்கு எழுதிய சட்டங்கள் அவை. விற்பவர் யார், எங்கே இருக்கிறார் என்று எதுவும் தெரியாமலே ஓர் உயிரை வாங்கிவிடலாம் என்ற நிலை வந்தபோது அவை போதவில்லை. புதிய விதிகளின்படி உரிமம் தருவதும் ஆய்வு செய்வதும் உள்ளூர்க் கவுன்சிலின் பொறுப்பு. ஆய்வில் கண்டதைப் பொறுத்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் கொடுக்கப்படும். உரிமம் ஒரு வருடத்துக்கோ, இரண்டு அல்லது மூன்று வருடங்களுக்கோ கிடைக்கும்.

விளம்பரத்தில் இருக்க வேண்டியவை

உரிமம் பெற்ற பிரீடர் (நாய்களை ஈனவைத்துக் குட்டிகளை விற்பவர்) ஒருவர் நாயை விற்க விளம்பரம் செய்தால் அதில் நான்கு விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: அவருடைய உரிம எண், அந்த உரிமத்தைக் கொடுத்த கவுன்சிலின் பெயர், விற்பனைக்குள்ள அந்த நாயை அடையாளம் காணக்கூடிய படம், அதன் வயது. எந்த விளம்பரத்துக்கும் இது பொருந்தும் என்பதே விதியின் வாசகம். பத்திரிகையில் வருவது, இணையதளத்தில் வருவது, முகநூல் குழுவில் வருவது என்று அது பிரித்துப் பேசவில்லை.

இவற்றில் உரிம எண்ணும் கவுன்சில் பெயரும்தான் உங்கள் கைக்கு வரும் பெரிய ஆயுதம். எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம், எண்ணை யாரும் தட்டச்சு செய்யலாம். அந்தக் கவுன்சிலை அழையுங்கள். இந்த எண்ணில், இந்த முகவரியில், இந்தப் பெயரில் உரிமம் இருக்கிறதா, இப்போதும் செல்லுபடியாகிறதா, எத்தனை நட்சத்திரம் என்று கேளுங்கள். பல கவுன்சில்கள் உரிமதாரர் பட்டியலைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. உரிமம் ஒரு கவுன்சிலில் இருக்க, குட்டியைப் பார்க்க வேறொரு ஊருக்கு வரச் சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டும்.

படத்தைப் பொறுத்தவரை, ‘இந்த இனம் இப்படித்தான் இருக்கும்’ என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படம் செல்லாது. விற்கப்படும் அதே நாயின் படமாக இருக்க வேண்டும். அந்தப் படத்தைத் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். அதே குட்டி வேறு ஊரில், வேறு பெயரில், இரண்டு வருடம் முன்பே விற்பனைக்கு வந்திருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

வயது எழுதாத விளம்பரத்தை நான் ஒருபோதும் நம்ப மாட்டேன். வயதைச் சொன்னால்தான் எட்டு வாரம் ஆயிற்றா என்பது தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்த குட்டி என்று சொல்லப்பட்டால் வயது இன்னும் முக்கியம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை 12 வாரம் ஆன பிறகே போட முடியும். போட்டபின் 21 நாள் காத்திருக்க வேண்டும். ஆக, 15 வாரத்துக்குக் குறைந்த குட்டி முறைப்படி பிரிட்டனுக்குள் வந்திருக்க வழியில்லை. ‘ருமேனியாவிலிருந்து நேற்று வந்தது, பத்து வாரம்’ என்று ஒருவர் எழுதினால், ஒன்று வயது பொய், இல்லையென்றால் தாள்கள் பொய்.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட நாய்களைச் செல்லப்பிராணி விற்பனை உரிமம் பெற்றவர்களும் விற்கலாம். அவர்களுடைய விளம்பரத்தில் மேலும் இரண்டு விவரங்கள் வேண்டும்: நாய் இப்போது எந்த நாட்டில் இருக்கிறது, எந்த நாட்டைச் சேர்ந்தது.

தாயைக் காட்டச் சொல்லுங்கள்

இந்த விவரங்களெல்லாம் எதற்கு என்று கேட்டால், என் பதில் ஒன்றுதான்: குட்டியின் தாயைக் கண்டுபிடிக்க. குட்டி எப்படியும் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய்விடும். தாய் அங்கேயேதான் கிடக்கும். விளம்பரத்தில் அதன் முகம் வராது.

கவாலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் இனத்தைச் சேர்ந்த லூசி அப்படிக் கிடந்த ஒரு தாய். வேல்ஸில் இருந்த ஒரு நாய்க்குட்டிப் பண்ணையிலிருந்து 2013இல் மீட்கப்பட்டது. ஓயாமல் ஈன்று, சின்னக் கூண்டிலேயே அடைந்து கிடந்ததால் அதன் முதுகெலும்பு வளைந்திருந்தது. உடம்பில் ரோமம் உதிர்ந்து திட்டுத்திட்டாக இருந்தது. மீட்ட பிறகு சில வருடங்களே வாழ்ந்து 2016இல் இறந்துபோனது. கால்நடை மருத்துவர் மார்க் ஏப்ரஹாமும் அவரோடு நின்றவர்களும் நடத்திய இயக்கத்துக்கு அதன் பெயரே அடையாளமாயிற்று. 2020 ஏப்ரல் 6 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தை இன்றும் எல்லோரும் லூசி சட்டம் என்றே சொல்கிறார்கள்.

அந்தத் திருத்தம் இடைத்தரகரை வெட்டியது. ஆறு மாதத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியையோ பூனைக்குட்டியையோ, தான் வளர்க்காமல் வேறொருவரிடம் வாங்கி வியாபாரமாக விற்க இங்கிலாந்தில் இப்போது இடமில்லை. குட்டி வேண்டுமென்றால் அதை ஈன்ற நாயை வைத்திருப்பவரிடம் நேரடியாக வாங்க வேண்டும், இல்லையெனில் மீட்பு இல்லத்திலிருந்து தத்தெடுக்க வேண்டும். 2021இல் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் இதேபோன்ற தடையைக் கொண்டுவந்தன.

உரிமம் உள்ள பிரீடர், குட்டியை வாங்க வருபவரிடம் அதைப் பெற்ற தாயோடு சேர்த்துத்தான் காட்ட வேண்டும். குட்டியின் அல்லது தாயின் உடல்நலத்துக்காகப் பிரித்து வைக்க நேர்ந்தால் மட்டும் விலக்கு. அந்த விலக்கைத்தான் ஏமாற்றுபவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ‘தாய் இன்று டாக்டரிடம் போயிருக்கிறது’, ‘தாய் தூங்குகிறது, தொந்தரவு செய்ய வேண்டாம்’ என்பார்கள். அப்படியென்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். வேறொரு நாயைக் கொண்டுவந்து தாய் என்று காட்டுவதும் உண்டு. உண்மையான தாயென்றால் மடி இன்னும் இறங்கித் தெரியும், குட்டிகள் தாமாகவே அதைத் தேடிப் போகும். குட்டிகளைக் கண்டு விலகி ஓடுகிற, உறுமுகிற நாய் தாய்தானா என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.

தாய்க்காக உரிம நிபந்தனைகளில் இருப்பவற்றையும் தெரிந்துகொண்டு போங்கள். 12 மாதம் ஆகாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது. 12 மாதங்களுக்குள் ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் மொத்தம் ஆறு ஈற்றுகள்தான். இரண்டு ஈற்று அறுவைச் சிகிச்சையில் எடுத்திருந்தால் அதன்பின் இணைசேர்க்கவே கூடாது. எனவே ‘இது எத்தனையாவது ஈற்று, போன ஈற்று எப்போது?’ என்று நீங்கள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. ஒழுங்காக வளர்ப்பவருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். அவரும் உங்களைக் கேள்விமேல் கேள்வி கேட்பார்: வீட்டில் யார் யார், பகலில் யார் இருப்பார்கள், தோட்டம் உண்டா என்றெல்லாம்.

உரிம எண் இல்லாத விளம்பரம் எல்லாம் களவா?

இல்லை. 12 மாதங்களில் மூன்று ஈற்றுகளோ அதற்கு மேலோ எடுத்து விற்பவருக்கு உரிமம் வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் நாய் வளர்த்து விற்பதை ஒரு தொழிலாக விளம்பரம் செய்பவருக்கும் வேண்டும். 2018க்கு முன் அந்த எண்ணிக்கை ஐந்தாக இருந்தது. வீட்டு நாய் ஒருமுறை ஈன்று, குட்டிகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கும் குடும்பத்துக்குப் பொதுவாக உரிமம் தேவைப்படாது.

நம் குடும்பங்களில் யாராவது அந்த நிலையில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தொழிலா இல்லையா என்று பார்க்கும்போது வருடத்துக்கு 1,000 பவுண்டு வருமானம் என்ற வரம்பையும் கவுன்சில்கள் கணக்கில் எடுக்கின்றன. இப்போதைய விலையில் ஒரே ஈற்றுக் குட்டிகளே அந்த வரம்பைத் தாண்டிவிடும். வாட்ஸ்அப் குழுவில் விலையோடு படம் போடுவதற்கு முன் உங்கள் கவுன்சிலில் கேட்டுவிடுவது நல்லது. உரிமம் தேவைப்படும் வேலையை உரிமம் இல்லாமல் செய்தால் வரம்பில்லாத அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

உரிமம் தேவைப்படாதவருக்கும் சில விதிகள் பொதுவானவை. எட்டு வாரம் ஆன நாய்க்கு மைக்ரோசிப் இருக்க வேண்டும், 2016 ஏப்ரல் 6 முதல் இது கட்டாயம். சிப் வைத்து, தரவுத்தளத்தில் தன் பெயரில் பதிந்த பிறகே விற்பவர் நாயைக் கைமாற்ற முடியும். 16 வயது நிரம்பாதவருக்கு எந்த விலங்கையும் விற்கக் கூடாது. எக்ஸ்எல் புல்லி வகை நாயை விற்பது மட்டுமல்ல, விற்க விளம்பரம் செய்வதும் இனாமாகக் கொடுப்பதும் 2023 டிசம்பர் 31 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம். பிட்புல் டெரியர், ஜப்பானிய தோசா, தோகோ ஆர்கெந்தினோ, ஃபிலா பிரசிலெய்ரோ ஆகிய நான்குக்கும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே இந்தத் தடை உண்டு.

விளம்பரத் தளங்கள் தங்கள் பங்குக்கு ஏதும் செய்கின்றனவா என்றால், 2001இல் தொடங்கிய செல்லப்பிராணி விளம்பர ஆலோசனைக் குழு என்ற அமைப்பு குறைந்தபட்ச நெறிமுறைகளை வகுத்திருக்கிறது. அவற்றைப் பின்பற்றுவதாகச் சில பெரிய தளங்கள் ஒப்புக்கொண்டுள்ளன. ஆனால் அது தாமாக ஏற்றுக்கொண்ட நெறிதான். ஆகவே ஒரு தளம் விளம்பரத்தை அனுமதித்துவிட்டது என்பதால் அது சரிபார்க்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன்

குட்டியைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். ‘இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், இப்போதே அனுப்பினால் உங்களுக்கு’ என்று அவசரப்படுத்துபவரிடம் குட்டியே இல்லாமலும் இருக்கலாம். மோட்டார்வே ஓய்விடத்தில், கார் நிறுத்துமிடத்தில் சந்திக்கலாம் என்றால் போகவே வேண்டாம். விலங்கு நல அறக்கட்டளையும் ஆர்எஸ்பிசிஏ என்ற விலங்குவதைத் தடுப்பு அமைப்பும் சேர்ந்து தயாரித்த நாய்க்குட்டி ஒப்பந்தப் படிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிரப்பித் தரச் சொல்லுங்கள். உணவு, தடுப்பூசி, பராமரிப்பு பற்றி எழுத்தில் தருவதும் உரிமம் உள்ள பிரீடரின் கடமை.

போய்ப் பார்த்த இடம் மோசமாக இருந்தால், ‘பாவம், இந்த ஒன்றையாவது காப்பாற்றுவோம்’ என்று வாங்கிவிடத்தான் மனம் துடிக்கும். அந்த மனதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கொடுக்கும் பணத்தில் அங்கே இருக்கும் தாய் மறுபடியும் சினைப்படுத்தப்படும். வெறுங்கையோடு திரும்பி வந்து, அந்தப் பகுதிக் கவுன்சிலின் உரிமப் பிரிவுக்கும் ஆர்எஸ்பிசிஏவுக்கும் அன்றே சொல்லுங்கள். விளம்பரத்தை இணையம் வைத்திருக்கும் என்று நம்பாமல் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண், முகவரி, பேசிய செய்திகள், நாள், நேரம் எல்லாம் அதனோடு இருக்கட்டும். விற்றதும் விளம்பரத்தை அழித்துவிடுவார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், இப்போதுதான் சந்தேகம் வருகிறது என்றால், குட்டியை உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அவர் சிப்பை வாசித்து எண்ணைச் சொல்வார். அந்த எண் எந்தத் தரவுத்தளத்தில், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, விற்றவர் சொன்ன பெயரோடு பொருந்துகிறதா என்று விசாரித்து, பதிவை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மருத்துவர் கணிக்கும் வயது விளம்பரத்தில் இருந்த வயதோடு ஒத்துப்போகாவிட்டால், அதை எழுத்தில் வாங்கிக் கவுன்சிலுக்கு அனுப்பும் புகாரோடு சேருங்கள்.