கடற்கரையில் வாகனத் தரிப்பிடக் கட்டணம்: யார் அறவிடலாம், எதற்காக அறவிடலாம், யாரிடம் அறவிடக்கூடாது

கல்லடிக் கடற்கரையிலும் பாசிக்குடாவிலும் ஞாயிறு மாலைகளிலும் பாடசாலை விடுமுறைக் காலத்திலும் வாகனங்கள் வீதியின் இரு ஓரங்களையும் அடைத்து நிற்பதை மட்டக்களப்பு மாவட்டத்தவர் நன்கு அறிவர். இத்தகைய இடங்களில் ஒரு தரிப்பிடத்தை எல்லையிட்டு அமைத்து, அதில் நிறுத்தப்படும் வாகனங்களுக்குக் கட்டணம் அறவிட உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்துக்கு எல்லைகளும் உண்டு. கட்டணம் செலுத்துபவர் அந்த எல்லைகளை அறியாதிருந்தால், துண்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வீதியோரம் நிற்கும் எவரும் பணம் கேட்கலாம் என்ற நிலை உருவாகிவிடும். ஆகவே இத்திட்டம் எவ்வாறு நடைமுறைக்கு வரவேண்டும், வந்தபின் பொதுமக்களுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்பவற்றை இங்கே விளக்குகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அறவிடப்படுவது வாகனம் பிடித்துக்கொள்ளும் இடத்துக்கான கட்டணமேயன்றி, கடற்கரைக்குள் நுழைவதற்கான கட்டணம் அன்று. நடந்து வருபவர், பேருந்தில் வந்து இறங்குபவர், முச்சக்கர வண்டியில் வந்திறங்கி வண்டியைத் திருப்பி அனுப்புபவர் ஆகியோரிடம் தரிப்பிடக் கட்டணத்தின் பெயரால் ஒரு ரூபாயும் கேட்க முடியாது. வாகனத்துக்குள் எத்தனை பேர் இருக்கின்றனர் என்று எண்ணித் தலைக்கு இவ்வளவு என்று கேட்பதும் தரிப்பிடக் கட்டணம் ஆகாது.

அதிகாரம் யாருக்கு, எந்த ஒழுங்கில்?

கல்லடிக் கடற்கரை மட்டக்களப்பு மாநகர சபையின் எல்லைக்குள்ளும், பாசிக்குடா கோறளைப்பற்று பிரதேச சபையின் எல்லைக்குள்ளும், அம்பாறை மாவட்டத்தின் அறுகம்பை பொத்துவில் பிரதேச சபையின் எல்லைக்குள்ளும் வருகின்றன. மாநகர சபைகள் 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழும், பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழும் இயங்குகின்றன. தத்தம் எல்லைக்குள் பொது இடங்களை ஒழுங்குபடுத்துவதற்கான உப விதிகளை ஆக்கும் அதிகாரத்தை இவ்விரு சட்டங்களும் அம்மன்றங்களுக்கு வழங்கியுள்ளன.

உப விதி என்பது சபைக் கூட்டத்தில் கைகளை உயர்த்தியவுடன் உயிர்பெற்றுவிடுவதில்லை. சபை அதனைத் தீர்மானமாக நிறைவேற்றி, மாகாணத்தில் உள்ளூராட்சி விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சரின் அங்கீகாரத்தைப் பெற்று, வர்த்தமானியில் பிரசுரித்த பின்னரே அது வலுப்பெறும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்து நீண்டகாலம் தேர்தல் நடைபெறாமையால், மாகாண நிர்வாகத்தின் இத்தகைய அலுவல்கள் ஆளுநரின் கீழேயே நடைபெற்று வந்துள்ளன. சபை தானே ஒரு உப விதியை வரைவதற்குப் பதிலாக, 1952 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியில், ஏற்கெனவே ஆக்கப்பட்ட நியம உப விதிகளைத் தீர்மானத்தின் மூலம் ஏற்றுக்கொண்டு அதனை வர்த்தமானியில் அறிவிக்கவும் முடியும். உள்ளூராட்சி அறிவித்தல்கள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வர்த்தமானியின் IV (ஆ) பகுதியில் இடம்பெறும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பிரதியையே பார்க்கலாம்.

இடம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. கடற்கரையோரக் காணி பெரும்பாலும் அரச காணியாக இருப்பதால், சபை அதனைப் பயன்படுத்துவதற்குப் பிரதேச செயலகத்தின் இணக்கம் தேவைப்படும். வீதியோரத்தையே தரிப்பிடமாக்குவதாயின் அவ்வீதி யாருக்குரியது என்று பார்க்க வேண்டும். கல்லடிப் பாலத்தின் வழியாகச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. உள்வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கோ சபைக்கோ உரியனவாக இருக்கும். சபைக்குச் சொந்தமில்லாத வீதியில் சபை தன்னிச்சையாகக் கோடு கீற முடியாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையான பகுதியைக் கரையோர வலயமாக வரையறுத்துள்ளது. அவ்வலயத்துக்குள் நிலத்தை நிரவிக் கற்பரப்பி, மதிலெழுப்பி அபிவிருத்தி வேலை செய்வதற்கு அச்சட்டத்தின் கீழான அனுமதிப் பத்திரம் வேண்டும்.

இந்த அனுமதியை வெறும் காகித வேலையாக எண்ணுவது தவறு. மணல் திட்டைப் பிடித்து வைத்திருப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் சவுக்கு மரங்களும்தான். அவற்றின் மேல் வான்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறி இறங்கினால் கொடி செத்து மணல் இளகி, வாடைக்காலக் கடல் அந்த இடத்தைத்தான் முதலில் அரித்தெடுக்கும். தரிப்பிடத்தை வீதிப் பக்கமாக அமைத்து, மணலுக்குள் வாகனம் இறங்குவதை மரக்குற்றிகளால் தடுப்பதே இத்திட்டத்தின் முதற்பயன் என்பது எமது கருத்து. சபைக்கு வரும் வருமானம் அதற்கு அடுத்ததுதான்.

கட்டணம் எவ்வாறு அமைய வேண்டும்?

வாகன வகைக்கேற்பக் கட்டணம் வேறுபடுவது வழக்கம். மோட்டார் சைக்கிளுக்குக் குறைவாகவும், முச்சக்கர வண்டி, கார், வான், பேருந்து என்று படிப்படியாகக் கூடியும் இருக்கும். துவிச்சக்கர வண்டிக்குக் கட்டணமே இருக்கக்கூடாது என்று நாம் வலியுறுத்துகிறோம். நெரிசலை ஏற்படுத்தாத வாகனம் அது; அதில் வருபவர்களிற் பெரும்பாலானோர் அயற்கிராமங்களின் பிள்ளைகளும் கூலித் தொழிலாளர்களும் ஆவர். கட்டணம் ஒரு நாளுக்கா, மணித்தியாலத்துக்கா என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும். கச்சான் வாங்கிக்கொண்டு அரை மணிநேரம் காற்று வாங்கிவிட்டுத் திரும்பும் குடும்பமும், காலையிலிருந்து மாலைவரை நிற்கும் சுற்றுலாப் பேருந்தும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுவது நியாயமன்று. இறங்கி ஏறுவதற்கான முதற் சில நிமிடங்களைக் கட்டணமின்றி விடுவது, வாயிலில் வாகனங்கள் தேங்குவதையும் வாக்குவாதத்தையும் குறைக்கும்.

விலக்களிக்கப்பட வேண்டியவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது, ஏனெனில் எமது கடற்கரைகள் பொழுதுபோக்கு இடங்களாவதற்கு முன்பே தொழிலிடங்களாக இருந்தவை, இன்றும் அவ்வாறே இருப்பவை. கரைவலை இழுப்பவர்கள், தோணிக்காரர்கள், மீன் ஏற்றும் மோட்டார் சைக்கிள்காரர்கள், வலை பொத்துபவர்கள் ஆகியோர் விடியற்காலையிலேயே அங்கு வந்து விடுகின்றனர். அவர்கள் நாள்தோறும் கட்டணம் செலுத்த வேண்டுமென்றால் அது அவர்களின் உழைப்பின்மீது விழும் வரியாகிவிடும். மீனவர் சங்கங்களின் உறுதிப்படுத்தலுடன் சபை அவர்களுக்கு இலவச அடையாள அட்டையோ வாகனத்தில் ஒட்டும் வில்லையோ வழங்கலாம். அவ்விடத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களும் இதில் அடங்க வேண்டும். தம் வீட்டு ஒழுங்கைக்குள் போவதற்கு எவரும் பணம் கொடுக்கக்கூடாது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயத்துக்கு வழிபட வருபவர்களுக்கும், டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியில் உயிரிழந்த தம் உறவுகளை நினைவுகூர நாவலடிப் பக்கம் வருபவர்களுக்கும் கட்டண அறவீடு பொருந்தாது என்பது எழுத்திலேயே இருக்க வேண்டும். வாயிலில் நிற்பவரின் இரக்கத்தை நம்பி இதனை விட்டுவிட முடியாது.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீடு சலுகை அன்று, உரிமையாகும். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 இல் ஆக்கப்பட்ட அணுகுவசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களை மட்டுமன்றிப் பொது இடங்களையும் உள்ளடக்குகின்றன. ஆகவே கடலுக்கு மிக அண்மையான, சமதரையான, சக்கர நாற்காலியை இறக்கி ஏற்றப் போதிய அகலமுள்ள இடங்கள் அவர்களுக்காகவே அடையாளமிடப்பட வேண்டும்.

வெளியேறும் வழிகளை அடைக்காத தரிப்பிடமே எமது கரைக்குப் பொருந்தும். 2004 இல் கல்லடி, நாவலடி, டச்பார் மக்கள் எத்தனை குறுகிய நேரத்துக்குள் ஓட வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட்டு இங்கே எந்தத் திட்டமும் வரையப்படக்கூடாது. சுனாமி வெளியேற்றப் பாதைகளிலும், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வண்டி கடற்கரை வரை சென்று திரும்பும் வழியிலும், எத்தனை நெரிசலான பெருநாளாயினும், ஒரு வாகனமும் நிறுத்தப்படக்கூடாது. கட்டணம் வாங்கிக்கொண்டு அந்த இடத்தில் நிறுத்த அனுமதித்தால் குற்றம் அனுமதித்தவருடையது.

குத்தகையும் பற்றுச்சீட்டும்

பெரும்பாலான சபைகள் தாமே ஆட்களை நிறுத்திப் பணம் சேர்ப்பதில்லை. கேள்வி மனுக் கோரி, கூடிய தொகை கேட்பவருக்குக் குறித்த காலத்துக்கு அறவிடும் உரிமையைக் குத்தகைக்குக் கொடுக்கின்றன. சபைக்கு உறுதியான தொகை கிடைக்கிறது என்பது இதன் நன்மை. குத்தகைக்காரர் கொடுத்த தொகையை எடுப்பதற்காக எல்லை மீறுவார் என்பதும், உண்மையில் எவ்வளவு சேர்கிறது என்பதைச் சபையே அறியாதிருக்கும் என்பதும் இதன் தீமைகள். ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம்: ஒரு ஞாயிறு மாலையில் 150 மோட்டார் சைக்கிள்கள் தலா 30 ரூபாவும், 40 வான்கள் தலா 100 ரூபாவும் செலுத்தினால் 8,500 ரூபா சேரும், ஆண்டில் 50 ஞாயிறுகளுக்கு அது 425,000 ரூபாவாகும். இத்தகைய எண்ணிக்கையைச் சபை தன் உத்தியோகத்தர்களைக் கொண்டு சில வாரங்கள் நேரில் எடுத்துப் பார்த்த பின்னரே குத்தகையின் ஆகக்குறைந்த தொகையை நிர்ணயிக்க வேண்டும். கிழக்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாகவும், நொவம்பர் முதல் ஜனவரி வரை மழையாகவும் இருப்பதால், எண்ணும் காலமும் இரு பருவங்களையும் தழுவியதாக இருத்தல் வேண்டும்.

குத்தகைக்காரர் சபையின் சார்பில் பணம் சேர்ப்பவர். அதற்கு மேல் அவருக்கு அதிகாரம் இல்லை. சபை அங்கீகரித்த கட்டணத்துக்கு மேல் ஒரு சதமும் அவர் கேட்க முடியாது. எல்லையிட்ட தரிப்பிடத்துக்கு வெளியே நிற்கும் வாகனத்துக்குச் சீட்டு எழுத முடியாது. அபராதம் விதிக்கவும் முடியாது. உப விதியை மீறியமைக்கான குற்றத்தை விசாரித்துத் தண்டப்பணம் விதிப்பது நீதவான் நீதிமன்றத்தின் வேலை. போக்குவரத்துக்கு இடையூறாக நிறுத்தியமைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுப்பது பொலிஸாரின் வேலை.

செலுத்திய ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் சபையின் பெயர், தொடர் இலக்கம், திகதி, வாகன இலக்கம், தொகை ஆகியவை இருக்க வேண்டும். சீட்டு இல்லாத பணம் சபையின் கணக்குக்குப் போகும் பணம் அன்று. வாயிலில் கட்டண விபரப் பலகையும் கட்டாயம் தேவை. வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை கூறுவதால் தமிழில் அப்பலகை இருந்தே ஆக வேண்டும். வெளிமாவட்டத்தவர் பெருமளவில் வரும் பாசிக்குடா, அறுகம்பை போன்ற இடங்களில் சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்திருப்பதே ஒழுங்கு.

“வாகனத்தின் பாதுகாப்புக்கு நாம் பொறுப்பல்ல” என்ற வாசகம் பல சீட்டுகளில் அச்சிடப்பட்டிருக்கும். கட்டணம் இடத்துக்கு மட்டுமா, காவலுக்கும் சேர்த்தா என்பதை நிறுத்துமுன் வாசித்துவிடுவது நல்லது. தலைக்கவசத்தையோ சாவியையோ வாங்கி வைத்துக்கொள்பவர், அவற்றைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டவராவார்.

சேர்ந்த பணம் எங்கே போக வேண்டும்?

குத்தகைத் தொகையாயினும் நேரடி அறவீடாயினும் அது சபை நிதியில் வரவு வைக்கப்பட்டு, ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் காட்டப்பட வேண்டும். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தின்படி கணக்காய்வாளர் நாயகத்தின் பரிசோதனைக்கும் அது உட்பட்டது. அந்தப் பணத்தை அதே இடத்துக்கே செலவிடுமாறு பொதுவான கட்டாயம் இல்லாவிட்டாலும், சபை ஒரு தீர்மானத்தின் மூலம் தன்னைத்தானே அவ்வாறு கட்டுப்படுத்திக்கொள்ளலாம். அவ்வாறு செய்யாத சபை இத்திட்டத்தைத் தொடங்கக்கூடாது என்றே நாம் கருதுகிறோம். பெண்கள் தயக்கமின்றிப் பயன்படுத்தக்கூடிய மலசலகூடம், குளித்தெழுந்தவர்கள் உடை மாற்றும் அறை, குப்பைத் தொட்டியும் அதனை மறுநாட் காலையிலேயே அகற்றும் உழவு இயந்திரமும், மின்விளக்கு, உயிர்காப்பாளருக்கான கொடுப்பனவு ஆகியவற்றைக் கண்ணால் காணும் வரை மக்கள் கட்டணத்தை மனமுவந்து கொடுக்க மாட்டார்கள்; கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. சோலைவரி செலுத்தும் குடும்பம் அதே சபைக்கு இன்னொரு கட்டணத்தையும் செலுத்தும்போது அதற்கான காரணத்தைக் கேட்க அதற்கு முழு உரிமை உண்டு.

வரவு செலவுத் திட்ட வரைபு நிறைவேற்றப்படுமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். தரிப்பிட வருமானம் எவ்வளவு காட்டப்பட்டுள்ளது, அதற்கெதிரே கடற்கரைப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டுள்ளது என்பவற்றை அப்போது சபைக் காரியாலயத்தில் நேரில் பார்த்து, ஆட்சேபத்தையும் ஆலோசனையையும் எழுத்தில் கொடுக்கலாம். திட்டம் தொடங்கிய பின்னர் உப விதியின் பிரதி, குத்தகை உடன்படிக்கை, குத்தகைத் தொகை, கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான அனுமதி ஆகியவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். விண்ணப்பத்துக்கான தீர்மானத்தை அவர் 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

கூடுதலாகப் பணம் கேட்கப்பட்டாலோ சீட்டு மறுக்கப்பட்டாலோ, அவ்விடத்தில் வாக்குவாதப்படாமல் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, சீட்டு இருப்பின் அதன் பிரதியையும் இணைத்து, மாநகர சபையாயின் ஆணையாளருக்கும் பிரதேச சபையாயின் செயலாளருக்கும் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பலாம். அதன் பிரதியை மாவட்டத்தின் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் அனுப்பி வைத்தால், சபை அம்முறைப்பாட்டுக்கு என்ன செய்தது என்பதை விசாரிக்கும் இடமும் ஒன்று இருக்கும்.