கஞ்சா பிடித்ததை எஸ்எஃப்-86 படிவத்தில் மறைக்காதீர்கள்

அமெரிக்காவில் ராணுவ ஒப்பந்த நிறுவனத்தில் வேலை கிடைத்து, செக்யூரிட்டி கிளியரன்ஸுக்காக (அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி) எஸ்எஃப்-86 என்ற பின்னணி விசாரணைப் படிவத்தை நிரப்ப உட்காரும் பிள்ளைகளிடம் யாராவது ஒரு சீனியர் வந்து சொல்லிவிடுகிறார்: “கஞ்சா பத்தியெல்லாம் எழுதாதே, யாருக்குத் தெரியப்போகுது?” இதைக் கேட்டு நல்ல வேலையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கவிழ்த்தது பழைய கஞ்சா அல்ல, அதை மறைத்த பொய்.

கிளியரன்ஸ் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் மதிப்பீட்டு விதிகள் 2017 முதல் எல்லா அரசுத் துறைகளுக்கும் ஒன்றுதான். அதில் போதைப்பொருள் ஒரு தலைப்பு, நேர்மை இன்னொரு தலைப்பு. எப்போதோ பிடித்து விட்டுவிட்டீர்கள் என்றால் காலம் போகப்போக முதல் தலைப்பின் கனம் குறையும். படிவத்தில் பொய் சொன்னால் இரண்டிலும் மாட்டுவீர்கள், அதோடு அது 5 ஆண்டு வரை சிறை வைக்கக்கூடிய குற்றமும்கூட.

“எங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி சரிதானே” என்று நினைத்து ‘இல்லை’ என்று போடுபவர்கள்தான் முதலில் சிக்குகிறார்கள். மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படிதான் கேட்கிறோம் என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது. கேள்வி கடந்த 7 ஆண்டுகளைப் பற்றியது, ஒரே ஒரு இழுப்பும் அதில் சேரும். தேர்வு நேரத்தில் நண்பனிடம் வாங்கி விழுங்கிய அடரால் மாத்திரையும் (கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர் சீட்டில் தரும் ஊக்க மருந்து) சேரும், இதைப் பலர் போதை என்றே நினைப்பதில்லை. ஏற்கெனவே கிளியரன்ஸ் வைத்திருந்த காலத்தில் பயன்படுத்தியிருந்தால் 7 ஆண்டுக் கணக்கெல்லாம் கிடையாது, எப்போது நடந்திருந்தாலும் சொல்ல வேண்டும்.

இப்போதும் பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் கிளியரன்ஸ் கொடுக்கச் சட்டமே தடை. பழைய பழக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று 2021 டிசம்பரில் தேசிய உளவு இயக்குநர் வழிகாட்டுதல் கொடுத்தார், ஆனால் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகு தொடவே கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. கடையில் விற்கும் சிபிடி கம்மிகளையும் (கஞ்சா வகைச் செடியின் போதை தராத சாறு கலந்த மிட்டாய்கள்) விட்டுவிடுங்கள். லேபிளில் போட்டிருப்பதை நம்பிச் சாப்பிட்டு சோதனையில் கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி வந்தால் யாரும் உங்கள் பக்கம் நிற்க மாட்டார்கள்.

அப்புறம், இதெல்லாம் குடிமக்களுக்குச் சொல்வது. கிரீன் கார்டில் இருப்பவர்கள் குடியேற்றப் படிவங்களுக்கு இதை அப்படியே பின்பற்ற வேண்டாம், அங்கே கஞ்சாவை ஒப்புக்கொள்வதே சிக்கலாகலாம். முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

எழுதாமல் விட்டுவிட்டீர்களா? விசாரணை அதிகாரி ஆதாரத்தை எடுத்து வைப்பதற்கு முன் நீங்களே சொல்லித் திருத்திக்கொண்டால் அதை உங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள விதியில் இடமிருக்கிறது. பிடிபட்ட பிறகு சொன்னால் அந்தச் சலுகை கைவிட்டுப் போய்விடும். நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலரே “விட்டுவிடு” என்று வாயால் சொன்னாலும் கையெழுத்து உங்களுடையது, எழுத்தில் வாங்காவிட்டால் நாளைக்கு அவருக்கு அது நினைவே இருக்காது.

மாதக்கணக்கில் பதிலே வராது, நிறுவனத்தைக் கேட்டால் அரசைக் கை காட்டுவார்கள், அரசைக் கேட்டால் நிறுவனத்தின் வழியாக வா என்பார்கள். இப்படி இழுத்தடித்துவிட்டு, மறுப்புக்கான காரணங்களைப் பட்டியலிட்ட கடிதத்தை அனுப்பும்போது ஒப்பந்த ஊழியருக்குப் பதில் சொல்லக் கொடுப்பது 20 நாள்தான். அதைத் தவறவிடாதீர்கள். அனுப்பிய படிவத்தின் பிரதியையும் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த விசாரணையில் தேதிகள் மாறினால் முதலில் எழுதியதையும் சந்தேகப்படுவார்கள்.