எண்ணெய்க் கிணற்றை அடக்கும் சேறு

அசாமின் தின்சுகியா மாவட்டத்தில் உள்ள பாக்ஜான் எரிவாயுக் கிணற்றில், 2020 மே 27 அன்று பழுதுபார்ப்புப் பணி நடந்துகொண்டிருந்தபோது, வாயு கட்டுமீறி வெளியேறத் தொடங்கியது. ஜூன் 9 அன்று அது தீப்பற்றியதில் தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தனர். ஆகஸ்டு மாதத்திலேயே கிணற்றின் வாயில் கனமான அடைப்புக் கருவி பொருத்தப்பட்டுவிட்டது. ஆனால் கிணறு முழுமையாக அடங்கியது நவம்பர் 15 அன்றுதான். இதைக் குறிப்பிட்டு வாசகர் ஒருவர், "மூடி போட்ட பிறகும் அத்தனை மாதம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறார்.

எண்ணெய்க் கிணற்றைப் பொறுத்தவரை மூடி என்பது இரண்டாவது காவல். முதற்காவல், கிணற்றுக்குள் நிற்கும் திரவத்தின் எடை. எண்ணெயும் எரிவாயுவும் மணற்கல் போன்ற பாறைகளின் நுண்துளைகளில் பெரும் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கின்றன. பத்து மீட்டர் நீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்ற பள்ளிக் கணக்கின்படி, 3000 மீட்டர் ஆழத்தில் சுமார் 300 வளிமண்டல அழுத்தத்தை எதிர்பார்க்கலாம். சில பாறைகளில் அது இன்னும் அதிகமாக இருக்கும். அதற்கு எதிராக நிற்பது, ரிக் எனப்படும் துளையிடும் மேடையில் 'மட்' என்று அழைக்கப்படும் துளைச்சேறு. துளைக்குழாயின் வழியே கீழே இறங்கி, துளைமுனையின் வழியே பீறிட்டு, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் இடைப்பட்ட வளைய இடைவெளி வழியாகப் பாறைத் துகள்களைச் சுமந்துகொண்டு மேலேறும் இந்தச் சேற்றுக்கு எடை கூட்டுவது, நீரைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகமான அடர்த்தியுள்ள பாரைட் கனிமத்தின் தூள். ஆந்திரத்தின் மங்கம்பேட்டையில் இருக்கும் பாரைட் படிவு உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று.

அப்படியானால் சேற்றை வேண்டிய மட்டும் கனமாக்கிவிடலாமே என்றால், அதுவும் இயலாது. அளவுக்கு மீறிய எடையில் பாறை விரிசல்விட்டு, சேறு அதற்குள் ஓடிவிடும். சேற்றின் மட்டம் தாழ்ந்து, தடுக்க நினைத்த வாயுவே உள்ளே நுழைந்துவிடும். எனவே பாறையின் அழுத்தத்துக்கு மேலேயும் பாறை உடையும் அளவுக்குக் கீழேயும் உள்ள குறுகிய எல்லைக்குள் அடர்த்தியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் கிணற்றுச் சுவரைத் தாங்கும் எஃகுக் கேசிங் குழாய் இறக்கிச் சிமெண்டு இட்டபடிதான் ஆழம் செல்கிறார்கள்.

கணக்கு தவறி, வாயு கிணற்றுக்குள் நுழைவதைக் 'கிக்' என்கிறார்கள். உள்ளே செலுத்திய சேற்றைவிட வெளியே வரும் சேறு கூடுதலாக இருப்பதும், சேற்றுத் தொட்டியின் மட்டம் உயர்வதும் அதன் அடையாளங்கள். உடனே பம்பை நிறுத்தி, பி.ஓ.பி. எனப்படும் அடைப்புக் கருவியை மூட வேண்டும். துளைக்குழாயை இறுகப் பற்றும் ரப்பர் வளையமும், இருபுறமிருந்தும் நீரழுத்த விசையால் வந்து மோதும் எஃகுக் கட்டைகளும், கடைசி வழியாகக் குழாயையே வெட்டி அடைக்கும் கத்திகளும் அதில் அடுக்கடுக்காக உள்ளன. 1920களில் டெக்சாஸில் ஜேம்ஸ் அபெர்கிராம்பியும் ஹாரி கேமரனும் உருவாக்கிய வடிவமே இதன் மூதாதை.

மூடியாயிற்று. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனிமேல்தான் தொடங்குகிறது. 3000 மீட்டர் ஆழக் கிணற்றில் நீரைப்போல் 1.2 மடங்கு அடர்த்தியுள்ள சேறு நிற்கிறது என்று கொள்வோம். அடியில் அது தரும் அழுத்தம் 360 வளிமண்டலம். பாறையின் அழுத்தமோ 390. உள்ளே நுழைந்த வாயு, சேற்றைவிட மிக இலேசானது என்பதால், மூடிய கிணற்றிலும் மெல்ல மேலேறும். சேறும் எஃகும் இடம் கொடுக்காத நிலையில் அதனால் விரிவடைய முடியாது. விரியாத வாயுவின் அழுத்தம், பாயில் விதிப்படி, குறையவும் குறையாது. ஆகவே அது தன் 390 வளிமண்டல அழுத்தத்தையும் சுமந்துகொண்டே கிணற்றின் உச்சிக்கு வந்து சேரும். அப்போது உச்சியில் 390; அதன்கீழ் முழுச் சேற்றுத்தூணின் 360-உம் சேர்ந்து அடியில் 750. பாறையோ, கேசிங் குழாயோ அதற்கு முன்பே உடைந்திருக்கும்.

திறந்துவிட்டாலும் ஆபத்துதான். திறந்த கிணற்றில் மேலேறும் வாயு, பாதி வழியில் ஏறத்தாழ இரு மடங்காகிறது. தரைக்கு 100 மீட்டர் கீழே வரும்போது சுமார் முப்பது மடங்கு. தரையைத் தொடும்போது நூற்றுக்கணக்கான மடங்கு. விரிவின் பெரும்பகுதி கடைசிச் சில நூறு மீட்டரில், குறுகிய நேரத்துக்குள் நடந்துவிடுவதால், அதுவரை தொட்டியில் சிறிய ஏற்றமாகத் தெரிந்தது, திடீரெனச் சேற்றையெல்லாம் வாரி வெளியே வீசுகிறது.

எனவே வாயுவை விரியவும் விட வேண்டும், அளந்தும் விட வேண்டும். மூன்று கிலோமீட்டர் கீழே நடப்பதை அளப்பது எப்படி? விடை துளைக்குழாயிலேயே இருக்கிறது. குழாயும் வளைய இடைவெளியும் அடியில் இணைந்த ஒரு யு-வடிவக் குழாய் போன்றவை. வளைய இடைவெளியில் வாயு கலந்துவிட்டதால் அங்குள்ள அடர்த்தி தெரியாது. குழாய்க்குள் இருப்பதோ அடர்த்தி தெரிந்த தூய சேறு. மூடிய கிணற்றில் குழாயின் அழுத்தமானி 30 வளிமண்டலம் காட்டினால், 360-உடன் அதைக் கூட்ட, பாறையின் அழுத்தம் 390 என்று கிடைத்துவிடுகிறது. அதை, அதே ஆழத்துக்கு நீர் மட்டும் தரும் 300-ஆல் வகுத்தால் 1.3, கிணற்றை அடக்கத் தேவையான புதிய சேற்றின் அடர்த்தி அது. பின்னர் சீரான மெதுவான வேகத்தில் பம்பை இயக்கி, 'சோக்' எனப்படும் வால்வைத் திறந்தும் நெருக்கியும் குழாயின் அழுத்தம் திட்டமிட்டபடியே இருக்குமாறு ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும். அடியில் அழுத்தம் 390-க்குச் சற்று மேலேயே நிலைத்திருக்க, வாயு வேண்டிய அளவு மட்டும் விரிந்தபடி வெளியேறும். இவ்வளவு பெரிய பொறியியலின் மையத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

இத்தகைய விபத்துகளைப் பூமித்தாயின் சீற்றம் என்று எழுதுவோர் உண்டு. ஆனால் மெக்சிகோ வளைகுடாவின் மக்கோண்டோ கிணற்றில் 2010 ஏப்ரல் 20 அன்று, எச்சரிக்கை மானியிலேயே நின்றது. சேற்றின் ஒரு பகுதியைக் கடல்நீரால் மாற்றி, கிணறு கசிகிறதா என்று சோதித்தபோது, துளைக்குழாய் 1400 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 95 வளிமண்டல அழுத்தம் காட்டியது. கிணறு கசிகிறது என்பதன் அடையாளம் அது. ஆனால் அதே கிணற்றோடு இணைந்த பக்கத்துக் குழாய் ஒன்றில் ஓட்டமே இல்லை. இரண்டும் முரண்பட்ட நிலையில், துளைக்குழாயின் அளவுக்கு வேறொரு விளக்கம் சொல்லிக்கொண்டு, சோதனை வெற்றி என்று முடிவெடுத்தார்கள். பி.ஓ.பி.யை மூட முனைந்தபோது, வாயு ஏற்கெனவே அதைத் தாண்டிக் கடலடியிலிருந்து மேலே வரும் குழாய்க்குள் நுழைந்திருந்தது. துளைக்குழாய் வளைந்து மையத்தை விட்டு விலகியதால் வெட்டுக் கத்திகளாலும் முழுதாக அடைக்க முடியவில்லை. 11 பேர் இறந்தனர்; எண்ணெய் 87 நாட்கள் கடலில் கலந்தது. அமெரிக்காவில் இது பற்றிய விசாரணை அறிக்கைகளை யாரும் இணையத்தில் படிக்கலாம். நம் நாட்டிலும் இத்தகைய அறிக்கைகள் முழுமையாக, அந்தந்த வட்டார மொழியிலும் வெளியாக வேண்டும் என்பது என் கருத்து.

வாசகரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். கட்டுமீறிய கிணற்றில் கேசிங் பலவீனமாகியிருக்கலாம். மேலே இறுக மூடினால் வாயு பக்கவாட்டில் பாறையை உடைத்துக்கொண்டு வேறிடத்தில் கிளம்பக்கூடும். கனமான திரவத்தை அடிவரை கொண்டுசேர்க்கும் குழாயும் பல வேளைகளில் இருப்பதில்லை. ஆகவே அழுத்தத்தை எதிர்த்துக் குழாயை உள்ளே திணிக்கும் கருவியை வரவழைக்க வேண்டும். பாக்ஜானில் அது கனடாவிலிருந்து வந்தது. அல்லது மக்கோண்டோவில் செய்ததுபோல், தள்ளி இன்னொரு கிணற்றைச் சாய்வாகத் தோண்டி, பழைய கிணற்றை அடியில் சந்தித்துச் சிமெண்டு செலுத்த வேண்டும். அங்கும் ஜூலை 15 அன்றே மூடி எண்ணெய் ஓட்டத்தை நிறுத்திவிட்டது. கிணறு செத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது செப்டம்பர் 19 அன்று.